தகுதியானவர் எவரும் இல்லை

பேராசிரியர் ஓய்வு பெற்று வீட்டோடு வந்து உட்கார்ந்த பிறகுதான், இத்தனை வருஷமாகத் தான் எவ்வளவு தப்பாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறோம் என்பது அவர் மனைவிக்குத் தெரியவந்தது. துணியை அப்படி உதறக் கூடாது. கரண்டிகளை உயர வரிசையில் மாட்ட வேண்டும். பால் பொங்குவதற்கு முன்னால் அடுப்பை அணைக்கிறவள் இயற்பியல் தெரியாதவள். பொங்கின பிறகு அணைக்கிறவள் பொறுப்பில்லாதவள். அதனால், ஒருநாள் காலை நடை முடிந்து வந்த மனிதர் செருப்பைக்கூடக் கழற்றாமல், "பூமி சூடாகுது, அதுக்கு மனுஷன்தான் காரணம்னு சொல்றானுங்களே, அது சுத்தப் புளுகு, தெரியுமா?" என்று ஆரம்பித்தபோது அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"அப்படியா? சொல்லுங்க, சொல்லுங்க" என்றாள்.

அப்பாடா, என் அடுப்பை விட்டுவிட்டுப் பூமியைப் பிடித்துக்கொண்டாரே!

ஆனால் பூமி லேசில் விடுகிற வஸ்துவா? கொஞ்ச நாளில் அவருடன் காலை நடைக்குப் போகிற கூட்டம் முழுவதும் முன்கூடத்துக்கு வந்துவிட்டது. முதலில் வந்தவர் பல் டாக்டர். பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் தலைமையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க மற்றவர்களைப் பேச விடாமல் வாயைத் திறந்து வைக்கச் சொன்னவர், இப்போது தன் வாயை மூடுவதில்லை. அடுத்தவர் கோழித்தீவனத்தில் ஆராய்ச்சி செய்த பேராசிரியர். எதிரில் இருக்கும்போது "சார்", போன பிறகு "கோழி". மூன்றாமவர் பெரிய கட்டடங்களுக்கு ஏசி போட்டுக் கொடுத்த இன்ஜினியர். அவர் பெயருக்கு முன்னாலும் ஒரு டாக்டர் உண்டு. அது எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்பது நாகரிகமில்லை.

நால்வரும் சேர்ந்து 'மாற்றுச் சிந்தனை விஞ்ஞானிகள் பேரவை' என்று ஒரு பலகை எழுதி வாசல் கேட்டில் மாட்டினார்கள். பல் டாக்டருக்கு எல்லாம் சூரியனால் வருவது. கோழி சாருக்கு எரிமலை. ஏசி இன்ஜினியரைக் கேட்டால், பூமி சூடே ஆகவில்லை, நம் உடம்புதான் பலவீனமாகிவிட்டது என்பார். பேராசிரியருக்கோ, சூடாகிறது, ஆனால் அது நல்லதுக்குத்தான். இந்த நாலும் ஒன்றோடொன்று ஒட்டாது என்பது டீ கொண்டுபோய் வைக்கிறவளுக்கே தெரிந்தது. அவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. மனுஷன் காரணமில்லை என்று யார் சொன்னாலும் மற்ற மூவரும் தலையாட்டுவார்கள்.

அந்தப் பலகையைத் தாண்டித்தான் தினமும் மருமகள் வேலைக்குப் போவாள். மகனுக்கு வெளியூர் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை முகம் காட்டுவான். மாடியில் மருமகள்தான். அவள் வேலை பார்ப்பது மழையையும் வெப்பத்தையும் அளக்கிற ஆராய்ச்சி நிலையத்தில். பலகையைப் பார்த்து ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரே ஒரு முறை, அதில் தூசி படிந்திருக்கிறது என்று துடைத்துவிட்டுப் போனாள். அது மரியாதையா கேலியா என்று பேராசிரியர் நாள் முழுக்க யோசித்தார்.

ஊருக்கு வெளியே இருக்கிற அனல் மின் நிலையத்தை இன்னும் பெரிதாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அதற்கு ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்க ஒரு பொது விசாரணை. மின் நிலையத்துக் கம்பெனியிலிருந்து பேராசிரியருக்குப் போன் வந்தது: பேரவையின் சார்பில் ஒரு விஞ்ஞானி வந்து, நிலக்கரிப் புகைக்கும் பூமியின் சூட்டுக்கும் சம்பந்தமில்லை என்று பேச வேண்டும். அன்றிலிருந்து மனிதர் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, "மாண்புமிகு விசாரணை அதிகாரி அவர்களே" என்று ஆரம்பித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மருமகள் கைப்பையோடு நேராகச் சமையலறைக்கு வந்தாள்.

"அத்தை, மாமா விசாரணைக்குப் போறாராமே, நிஜமா?"

"அதான் உள்ள கேக்குதே, 'மாண்புமிகு, மாண்புமிகு'ன்னு. ஏம்மா?"

"ஊர்க்காரங்க பக்கம் எங்க ஆபீஸ்லேருந்து என்னை அனுப்புறாங்க. அந்தப் பக்கத்து நிபுணரை நான்தான் கேள்வி கேக்கணும்."

கரண்டி மாமியார் கையிலேயே நின்றது. "மாமாவையா?"

"முதல் கேள்வியே, 'உங்க தகுதி என்ன?' அதைக் கேக்காம எதையும் கேக்க முடியாது."

"கேக்காம விட்டுடேன் கண்ணு. நல்லாயிருக்கீங்களான்னு கேட்டுட்டு உக்காந்துடு."

"எப்படி அத்தை? அந்தக் கரியைத் தினம் மூக்குல இழுக்கிற ஜனங்க என்னை நம்பி வந்து உக்காந்திருப்பாங்க. மாமனார்னு விட்டுட்டா, நாளைக்கு ஆபீஸ்ல தலை நிமிர முடியாது. கேட்டா, உங்க டாக்டர் பட்டம் செருப்புப் பசைக்குத்தானேன்னு ஊர் முன்னாடி கேக்கணும். அப்புறம் இந்த வீட்டுப் படியை நான் ஏற முடியுமா?"

முடியாது. அது மாமியாருக்கே தெரியும். செருப்பின் அடியும் மேலும் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருப்பது எப்படி என்பதுதான் பேராசிரியரின் ஆராய்ச்சி. நல்ல ஆராய்ச்சி, நாட்டில் பாதிப் பேர் அதன் மேல்தான் நடக்கிறார்கள். ஆனால் சொந்தத் தம்பி ஒரு கல்யாண வீட்டில் "எங்கண்ணன் செருப்பு டாக்டர்" என்று சிரித்ததற்கு, தம்பியோடு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. தம்பி வீட்டில் சாவு விழுந்தபோதும் வாசல் வரைக்கும் போய்த் திரும்பிய மனிதர். மருமகள் கேட்டால் மன்னிப்பாரா? மருமகள் மாடியைக் காலி பண்ணிக்கொண்டு போவாள். மகன் யார் பக்கமும் நிற்க முடியாமல் மாதத்துக்கு ஒரு தடவை வருவதையும் நிறுத்துவான்.

"நீ போய் உன் கேள்வியை எழுது. மாமாவை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி? 'போகாதீங்க' என்றால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை போவார். விஞ்ஞானம் பேசி ஜெயிக்க இவளால் முடியாது. முடிந்தாலும் அவர் தோற்க மாட்டார். பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்தாள். வேலையில் இருந்த காலத்தில் இவர் எதற்காகச் சந்தோஷமாக வீட்டுக்கு வருவார்? சம்பள உயர்வுக்கா? இல்லை. தேர்வுக் குழுவில் உட்கார்ந்துவிட்டு வரும் நாட்களில்தான். "வந்தவன் அத்தனை பேரையும் கலங்கடிச்சு அனுப்பிட்டேன். ஒருத்தன் தேறல!" என்று வாசலிலேயே சொல்லுவார். அன்றைக்கு இரண்டு மடங்கு சாப்பிடுவார். பல் டாக்டரும் கோழி சாரும்கூட அவரவர் கல்லூரியில் அதே வேலையைச் செய்தவர்கள்தான். சந்தேகப்படுவதில் மூவரும் மன்னர்கள். மற்றவனுடைய சர்டிபிகேட்டைக் கண்டால் போதும்.

அடுத்த கூட்டத்தில் டீயை வைத்துவிட்டு அவள் நகரவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணி" என்றார் பல் டாக்டர்.

"விசாரணையில அந்தப் பக்கத்துக்காரங்க முதல்ல உங்க தகுதியைத்தான் குடைவாங்களாம். டிவில பாத்தேன். நாலு பேரும் பெரியவங்க. யாரை அனுப்பினா அடி விழாதுன்னு இங்கேயே ஒரு ஒத்திகை பாத்துக்கிட்டா நல்லதில்லையா?"

பேராசிரியர் மனைவியை ஆச்சரியத்தோடு பார்த்தார். "பரவாயில்லையே. உனக்குக்கூட நல்ல யோசனை வருது."

"எல்லாம் உங்ககூட இருந்த பழக்கம்தான்" என்றாள்.

சாப்பாட்டு மேசை நடுக்கூடத்துக்கு வந்தது. ஒரு பக்கம் மூன்று நாற்காலி, எதிரில் ஒற்றை நாற்காலி. மூவர் முன்னாலும் ஒரு டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான், அந்த மூன்று முதுகுகளும் தாமாக நிமிர்ந்துகொண்டன. மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் இனி மனுஷர்களில்லை, தேர்வுக் குழு.

"முதல்ல என்னைக் கேளுங்க" என்று ஏசி இன்ஜினியர் சிரித்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்தார். பாவம், அவர் தேர்வுக் குழுவைப் பார்த்ததில்லை.

"உக்காருங்கன்னு நாங்க இன்னும் சொல்லலையே" என்றார் கோழி சார்.

ஏசி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

"டாக்டர்னு போட்டுக்கறீங்க. எந்தப் பல்கலைக்கழகம்?" இது பேராசிரியர்.

"அது... கௌரவப் பட்டம் சார். ஒரு ஓட்டல் ஹால்ல, பொன்னாடை போத்திக் குடுத்தாங்க."

"அந்தப் பல்கலைக்கழகம் எந்த ஊர்ல இருக்கு?"

"ஊர்ல இல்ல சார். இணையத்துல இருக்கு."

"நீங்க போகலாம்."

"எங்க சார் போறது? டீ இன்னும் குடிக்கல."

"வராந்தாவுல காத்திருங்க. சொல்லி அனுப்புறோம்."

டம்ளரை எடுத்துக்கொண்டு அவர் வராந்தாவுக்குப் போனார். அடுத்து கோழி சார்.

"வெப்பத்தைப் பத்தி நீங்க ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்களா?" என்றார் பல் டாக்டர்.

"என் தீசிஸே அதான். வெயில் காலத்துல முட்டைக் கோழிக்குத் தீவனத்துல எவ்வளவு உப்பு."

"எங்க அளந்தீங்க வெப்பத்தை?"

"கொட்டகைக்குள்ள."

"வெளியே?"

"வெளியே கோழி இல்லையே!"

"அப்போ உங்க உலகம் கொட்டகையோட முடிஞ்சுது. எரிமலை அதுக்குள்ள எப்படி வந்தது?"

கோழி சார் முகம் சிவந்தது. "சார், நீங்க ஒரு பல்..."

"கேள்வி நாங்கதான் கேப்போம்" என்று பேராசிரியர் குறுக்கே விழுந்தார். "வேட்பாளர் குழுவைக் கேள்வி கேக்கக் கூடாது. வராந்தா."

பல் டாக்டர் எதிரில் வந்தபோது, கோழி சார் வராந்தாவிலிருந்து தானாகவே திரும்பி வந்து குழுவில் உட்கார்ந்துகொண்டார். அந்த வாய்ப்பை விடுவாரா?

"எல்லாம் சூரியன்தான்னு சொல்றீங்க. சூரியனை எந்தக் கருவியால பாத்தீங்க டாக்டர்?"

"நான் பாக்கல. கட்டுரை படிச்சேன்."

"யார் எழுதினது?"

"பேரு ஞாபகமில்ல. ஆனா ரொம்ப நல்லா எழுதியிருந்தாரு."

"எனக்குக் கடைவாயில ஒரு பல்லு ஆடுது. பல்லைப் பத்தி நல்ல கட்டுரை ஒண்ணு படிச்சிருக்கேன். நானே பிடுங்கிக்கலாமா?"

"ஐயையோ! பல்லுன்னா என்ன சாதாரண விஷயமா சார்?" என்று பதறினார் பல் டாக்டர். "அதுக்கு முறையாப் படிச்சவங்க வேணும்!"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. டம்ளரை எடுத்துக்கொண்டு தானே வராந்தாவுக்குப் போனார்.

கடைசியில் பேராசிரியர். மூவரும் ஓடி வந்து உட்கார்ந்தார்கள், ஏசி உட்பட. மனைவி சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். இதற்குத்தானே இத்தனையும் செய்தாள்? ஆனாலும் ஒற்றை நாற்காலியில் கட்டின மனுஷன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஒரு மாதிரிதான் இருந்தது.

"உங்க துறை?"

"ஒட்டுதல் இயற்பியல்."

"எதை எதோட ஒட்டுறது?"

"பொருள்களை."

"எந்தப் பொருள் சார்? சும்மா சொல்லுங்க, நமக்குள்ளதானே" என்று ஏசி குனிந்து வந்தார்.

"தோலையும் ரப்பரையும்."

"தோலும் ரப்பரும் சேந்தா என்ன வரும்?"

பேராசிரியர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். மூன்று பேர் பார்வையும் மேசைக்கு அடியில், அவர் காலுக்குப் போயிற்று.

"சரி, காலநிலையில எத்தனை கட்டுரை வெளியிட்டிருக்கீங்க?"

"எண்ணிக்கை முக்கியமில்ல. ஒரு விஞ்ஞானிக்கு முக்கியம், அவனோட..." பாதியில் நிறுத்தினார். "இந்தப் பதிலைச் சொன்ன எத்தனை பேரை நான் வெளியே அனுப்பியிருக்கேன் தெரியுமா?" என்றார் மெதுவாக.

"எங்களுக்கும் பழக்கம்தான் சார்" என்றார் கோழி சார், கொஞ்சம் கருணையோடு. "வராந்தா."

ஒத்திகை என்பதை அதற்குள் நால்வருமே மறந்துவிட்டிருந்தார்கள். கை வழக்கமான வேலையைச் செய்தது. கோழி சார் ஒரு தாளை எடுத்தார். பேராசிரியர் வாசலில் நின்றபடியே சொன்னார். 'தகுதியானவர் எவரும் இல்லை. மறுவிளம்பரம் செய்யலாம்' என்று முடிவாயிற்று. நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். ரொம்ப நாள் கழித்து ஒரு உருப்படியான வேலை செய்த திருப்தி முகங்களில். அவள் இன்னொரு சுற்று டீ வைத்தாள். இன்றைக்கு பிஸ்கட்டும் சேர்த்து.

"அது சரி, இப்போ யாரு போறது?" என்றார் ஏசி.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பேராசிரியருக்குக் காது மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"சார், வணக்கம். விசாரணைக்கு யார் வர்றீங்கன்னு முடிவாச்சா?" கம்பெனிக்காரன்.

"தேர்வுக் குழு யாரையும் பரிந்துரைக்கல தம்பி. இந்தத் துறையில எங்க யாருக்கும் போதுமான..."

"துறையெல்லாம் யார் சார் பாக்கப் போறா? பேருக்கு முன்னாடி டாக்டர் இருக்கில்ல? நீங்களே வாங்க சார். உங்க குரல் கணீர்னு இருக்கும்."

பேராசிரியரின் முதுகு மெல்ல நிமிர்ந்தது. மனைவி டீத் தட்டைக் கீழே வைத்தாள். போச்சு, அத்தனையும் போச்சு.

"குரல் இருக்கு தம்பி. ஆனா என்னென்ன வாதம் வைக்கணும்னு நான் தயார் பண்ண ரெண்டு நாளாவது..."

"அதெல்லாம் நாங்களே எழுதி வெச்சிட்டோம் சார். நீங்க வாசிச்சா போதும்."

"வாசிக்கவா?"

"பெரிய எழுத்துல அச்சடிச்சுத் தர்றோம், கண்ணுக்குக் கஷ்டம் இல்லாம."

"நான் என்ன செய்தி வாசிக்கிறவனா?" பேராசிரியரின் குரல் நிஜமாகவே கணீரென்றது. "விஞ்ஞானியைக் கூப்பிடுறியா, ஒலிபெருக்கியைக் கூப்பிடுறியா?"

"கோவிக்காதீங்க சார். உங்களால முடியலைன்னா வேற யாராவது. பல் டாக்டர் ஒருத்தர் இருக்காரில்ல? அவர் வந்தாலும் ஓகே."

"நான் வர்றேன் தம்பி!" என்று பல் டாக்டர் பிஸ்கட்டோடு போனை எட்டிப் பிடித்தார்.

"தகுதியில்லைன்னு இப்பத்தானே கையெழுத்துப் போட்டீங்க!" என்று கத்தினார் பேராசிரியர்.

"அது ஒத்திகை சார்" என்றார் பல் டாக்டர்.

அன்றோடு பேரவை உடைந்தது.

விசாரணை நாளன்று போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பேராசிரியர், "அந்த ஆள் என்ன கிழிக்கிறான்னு பாக்கணும்" என்று கிளம்பிவிட்டார். தனியாக விட பயந்து அவளும் கூடவே போனாள். பெரிய கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள். பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் பக்கத்து மேசையில் மருமகளைப் பார்த்ததும் பேராசிரியர் திரும்பினார்.

"இவ இங்க என்ன பண்றா?"

"கேள்வி கேக்க வந்திருக்கா."

"யாரை?"

"வர்ற நிபுணரை."

அவர் மருமகள் முன்னால் இருந்த காகிதக் கட்டைப் பார்த்தார். "நான் வந்திருந்தா?" என்றார் பிறகு. அவள் மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பல் டாக்டர் நன்றாகவே வாசித்தார். பெரிய எழுத்து. மருமகள் எழுந்தாள். "ஐயா, காலநிலை அறிவியல்ல உங்க தகுதி என்னன்னு சொல்ல முடியுமா?"

"விஞ்ஞானம் ஒண்ணுதாம்மா. அதுல என் துறை உன் துறைன்னு சுவர் கிடையாது. நான் டாக்டர். நீ யாரு? உன் வயசுக்கு மேல எனக்கு அனுபவம்."

"நான் கேட்டது..."

"நான் கேக்கறதுக்கு முதல்ல பதில் சொல்லு. நீ என்ன படிச்சிருக்கே? யார்கிட்ட படிச்சே?"

முன்வரிசையில் கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள். விசாரணை அதிகாரி கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். மருமகள் குனிந்து காகிதத்தைப் புரட்டினாள். பக்கத்தில் கணவருடைய மூச்சு கனமாவது மனைவிக்குக் கேட்டது. ஆயுசில் எந்த வேட்பாளரும் அவர் முன்னால் செய்யத் துணியாததை இந்த ஆள் செய்கிறான். அவள் அவர் சட்டையைப் பிடிப்பதற்குள் எழுந்துவிட்டார்.

"வேட்பாளர் குழுவைக் கேள்வி கேக்கக் கூடாது!"

கூடம் திரும்பிப் பார்த்தது. அதிகாரியும் நிமிர்ந்தார். "யாருங்க நீங்க?"

"இந்த வேட்பாளரை நாங்க ஏற்கனவே நிராகரிச்சாச்சு. இவர் பல் டாக்டர். காலநிலையில இவருக்குத் தகுதி கிடையாது. அந்தப் பொண்ணு கேட்டது சரியான கேள்வி. பதில் சொல்லச் சொல்லுங்க."

"அவரைச் சொல்றீங்களே, உங்களுக்கு என்ன தகுதி?"

"எனக்கா?" பேராசிரியர் சுற்றிலும் பார்த்தார். "எனக்கும் இல்ல. என்னையும் நிராகரிச்சாச்சு. எழுதிக் கையெழுத்தே போட்டிருக்கோம்."

இருமிக்கொண்டிருந்த கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. இருமலும் சிரிப்பும் கலந்து அடங்கவே நேரமாயிற்று. பல் டாக்டரின் பேச்சு, 'நிபுணர் வாக்குமூலம்' என்ற இடத்தில் அடிக்கப்பட்டு, 'பொதுமக்களில் ஒருவரின் கருத்து' ஆயிற்று. விசாரணை வேறு தேதிக்குப் போயிற்று. கம்பெனிக்கு இன்னொரு டாக்டர் கிடைக்க எத்தனை நேரம் ஆகும்? ஊரில் டாக்டர்களுக்கா பஞ்சம்?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள்.

"நீ இன்னும் கொஞ்சம் கண்டிப்பா கேட்டிருக்கணும்" என்றார் பேராசிரியர். "பேச விட்டுட்டே. என்னைக் கேட்டிருந்தா நான் ஒழுங்கா பதில் சொல்லியிருப்பேன்."

மருமகள் அத்தையைப் பார்த்தாள்.

"வேண்டாம்மா, சாப்பிடு" என்றாள் அத்தை.

"கேக்கட்டும். என்ன வெச்சிருந்தே எனக்கு?"

"தகுதியைக் கேட்டப்புறம் ரெண்டாவதா ஒண்ணு வெச்சிருந்தேன் மாமா. மனுஷன் காரணமில்லைன்னு உங்களுக்கு முதல்ல யார் சொன்னாங்க?"

"பல் டாக்டர்தான். நடக்கும்போது."

"அவருக்கு?"

"கோழி சார் சொன்னதாச் சொன்னார்."

"கோழி சாருக்கு?"

"ஏசி. அவன்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தான்."

"ஏசி இன்ஜினியருக்கு யார் சொன்னாங்களாம்?"

பேராசிரியர் சோற்றில் கையை வைத்தபடி யோசித்தார். "ஒரு பெரிய விஞ்ஞானியே சொன்னார்னு..." என்று இழுத்தார். "நாங்க முதமுதல்ல பார்க்குல பேசிக்கிட்டப்போ, வெயில் அதிகமா இருக்கே சார்னு அவன் கேட்டான். அதெல்லாம் ஒண்ணுமில்ல, எப்பவும் இருக்கிறதுதான்னு நான் சும்மா..."

சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

மருமகளின் உதட்டில் சிரிப்பு துடித்தது. அத்தை மேசைக்கு அடியில் அவள் காலை அழுத்தி மிதித்தாள். பேராசிரியர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடுவாரோ என்று அவள் காத்திருந்தாள். எழவில்லை.

"நல்ல கேள்வி" என்றார் கடைசியில், தொண்டையைச் செருமிக்கொண்டு. "அடுத்த தடவை அதை முதல்ல கேளு."

"தண்ணி குடிங்க" என்று டம்ளரை நகர்த்தினாள் மனைவி. குடித்தார்.